பச்சை வட்டமும் காலி டீசல் கேனும்

பங்கேற்கும் எந்த நாடும் வரைவின்மீது எழுத்தில் தெரிவிக்கும் கருத்துக்கு, அடுத்த வரைவு சுற்றுக்கு விடப்படும் முன்பே எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். இதுதான் விதி. எனக்கு இது நன்றாகத் தெரியும், எழுதியவனே நான்தான். பணியில் இருந்த காலத்தில், வெளிநாட்டு நகரம் ஒன்றில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில் உட்கார்ந்து எழுதினேன். "உரிய காலத்தில்" என்று போட்டால் போதுமே என்றார் பக்கத்தில் இருந்தவர். உரிய காலம் என்பது சம்பந்தப்பட்டவர் ஓய்வு பெறும்வரை நீளக்கூடியது என்று எனக்குத் தெரியும். அதனால் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த விதி இருந்தும், எங்கள் கருத்துக்கு ஒரு வரிகூடப் பதில் இல்லாமல், அடுத்த வரைவு இந்த வருடம் ஆடி மாதத்தில் பெரம்பலூரில் என் மாடி அறைக்கு வந்து சேர்ந்தது.

நான் தரைப்படையின் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது அரியலூரில். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியில், போட்டிருப்பது வெள்ளைச் சட்டையா சாம்பல் சட்டையா என்று தெரியாமல் வளர்ந்தேன். வீடு கட்டியது பெரம்பலூரில், என் மனைவி கணக்கு ஆசிரியையாக இருந்த பள்ளிக்குப் பக்கத்தில். நாடு முழுக்கச் சுற்றிய எனக்கு, குடியிருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் மட்டும் கடைசிவரை தரப்படவில்லை.

வரைவு எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன். புயல், நிலநடுக்கம், அமைதி காக்கும் பணி என்று எதற்காவது பல நாட்டுப் படைகள் ஓரிடத்தில் கூடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ரேடியோ, தனி வரைபடம், தனிச் சாப்பாட்டு நேரம். யார் யாருக்கு எதைச் சொல்வது, சொன்னது நடந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு, எல்லாருக்கும் பொதுவான ஒரு கட்டளை-கட்டுப்பாட்டு அமைப்பை வடிவமைக்கிறார்கள். கணினித் திரையை இளைஞர்கள் செய்துவிடுகிறார்கள். நடைமுறையைப் படித்துக் குறை சொல்ல, என்னைப் போன்ற பழைய ஆட்கள் சிலரை வெளி வாசகர்களாகச் சேர்த்திருக்கிறார்கள். உரிய அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது. இரகசியம் எதுவும் கிடையாது. இருந்தால் எனக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

இந்த வேலையில் என்னை இழுத்துவிட்டவர் அந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கும் ஒரு பெண் கர்னல், சின்னத் தீவு நாடு ஒன்றைச் சேர்ந்தவர். முதலில் சந்தித்தபோது மேஜராக இருந்தார். எனக்கு இன்றைக்கும் அவர் மேஜர்தான். கர்னல் என்று கூப்பிட்டால், எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வார். அவர் இந்த அக்டோபர் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தது. வரைவும் அதோடு மூடப்படும். அதற்குள் ஒரே ஒரு திருத்தம் உள்ளே போய்விட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதற்காகத்தான் பல வருடங்களாக அந்தக் குழுவில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுத்துருவின் அளவைப் பற்றி வாதாடுவதைப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் திருத்தம் ஒரு டீசல் கேனில் தொடங்கியது.

வெயில் கொளுத்தும் ஒரு தேசத்தில், அமைதி காக்கும் பணியில் எங்கள் முகாமும் அவர்கள் முகாமும் ஒரே செம்மண் சாலையின் இரண்டு முனைகளில் இருந்தன. தினமும் காலையில் ஒவ்வொரு முகாமும் தலைமையகத்துக்குத் தன் நிலையைச் சொல்ல வேண்டும். தண்ணீர், டீசல், மருந்து, வண்டி என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு வட்டம். நன்றாக இருந்தால் பச்சை, இழுபறி என்றால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. தளபதிகளுக்கு வண்ணங்கள் மிகவும் பிடிக்கும். கண்ணாடி போடாமலேயே படித்துவிடலாம்.

மழையில் தலைமையகத்திலிருந்து வரும் சாலை அறுத்துக்கொண்டு போனது. டேங்கர் லாரி வரவில்லை. எங்கள் ஜெனரேட்டர் நின்றால் ரேடியோ நிற்கும். அவர்களிடம் ஒரு கள மருத்துவமனை இருந்தது. அவர்களுடையது நின்றால், இரத்தமும் தடுப்பு மருந்தும் இருக்கும் குளிர்பெட்டி நிற்கும். இருந்தாலும் இரண்டு முகாமும் காலை தோறும் டீசலுக்குப் பச்சை வட்டமே அனுப்பின. நம் நாட்டின் பெயருக்கு எதிரில் சிவப்பா என்றார் எங்கள் தளபதி. அவர்கள் தளபதியும் அதையேதான் வேறு மொழியில் சொல்லியிருக்கிறார்.

கடைசியில், யாருக்கும் தெரியாமல் பக்கத்து முகாமில் கொஞ்சம் டீசல் கேட்டு வாங்கி வரும்படி என்னை அனுப்பினார்கள். ஜீப்பின் பின்னால் காலி கேன்கள் உருண்டுகொண்டிருந்தன. பாதி வழியில் எதிரே ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு மேஜர் இறங்கினார். அவர் ஜீப்பிலும் காலி கேன்கள். அவர் என் கேன்களைப் பார்த்தார், நான் அவருடையதைப் பார்த்தேன்.

"எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"உங்களிடம்தான்."

"நானும் உங்களிடம்தான்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், என் டிரைவர் வெயில் தலைக்கேறிவிட்டது என்று பயந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பிறகு எங்கள் லாரிகளின் டேங்கில் மிச்சமிருந்ததை உறிஞ்சி எடுத்துக் குளிர்பெட்டிக்குக் கொடுத்தோம். டேங்கர் வரும்வரை ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டினோம். மருந்து தப்பியது. தலைமையகத்தின் திரையில் நாங்கள் இருவரும் கடைசிவரை பச்சைப் பசேல் என்றே இருந்தோம்.

மேஜருக்கு அது சிரித்துவிட்டு மறக்கிற விஷயமாக இல்லை. அடுத்த தடவை நடுவழியில் எதிரெதிரே வர இரண்டு ஜீப் இருக்குமா என்று கேட்பார். ஆகவே நாங்கள் எழுதிய திருத்தம் இதுதான்: வண்ண வட்டத்தை எடுத்துவிட்டு, "உங்களிடம் இல்லாதது என்ன?" என்று நேராகக் கேட்க வேண்டும். பங்குனியில் அவர் நாட்டின் கருத்தாக அதை அனுப்பினோம். இதைவிடத் தெளிவாக ஒரு கேள்வி இருக்க முடியாது என்று நான் நம்பினேன்.

வைகாசியில் ஜெயங்கொண்டத்தில் என் மைத்துனன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு எறையூர். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, சமையல், மேடை, வண்டி என்று பல தரப்பும் ஓரிடத்தில் கூடுகிற வேலை. யாரும் யாருக்கும் கட்டளை போட முடியாது, ஆனால் எல்லாம் முகூர்த்தத்துக்குள் நடந்தாக வேண்டும். இப்படி ஒரு சோதனைக் களம் அந்தக் குழுவுக்கு எங்கே கிடைக்கும்? பொறுப்பில் இருந்தவர்களை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து, முதல் நாள் மதியத்திலிருந்து மணிக்கொரு தடவை ஒரு வண்ண வட்டம் போடச் சொன்னேன். பழைய முறையின் தோல்வியை முதலில் நிரூபிக்கலாம் என்பது என் திட்டம்.

அது நன்றாகவே தோற்றது. கேஸ் தீர்ந்து சமையல்காரர் சிலிண்டருக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தபோதே சமையலுக்குப் பச்சை வட்டம் வந்தது. மேடைக்குப் பச்சை. அங்கே நாற்காலியே வந்திருக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் பச்சை வட்டத்தோடு இரண்டு கும்பிடும் போட்டிருந்தார்.

அவர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்கள் வைத்திருப்பவர். அந்தப் பக்கத்தின் வண்டிகளெல்லாம் அவர் பொறுப்பு. பொழுது சாயும் நேரம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு தொடங்க வேண்டும். ஒரு பஸ் வந்துவிட்டது, மாப்பிள்ளையும் வந்தாயிற்று. மாப்பிள்ளையின் அம்மாவையும் சீர்த் தட்டுகளையும் காணோம். மண்டப வாசலில் நின்ற அவரிடம் என் மைத்துனன் போய், "வண்டியெல்லாம் எங்கங்க வருது?" என்றான்.

"வந்துட்டே இருக்குங்க."

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டான். மறுபடியும் வந்துட்டே இருந்தது. என் புதிய கேள்விக்கு இதுதான் நேரம் என்று நான் முன்னே போனேன்.

"சார், நேரா கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்ககிட்ட எதெது இல்லைன்னு சொல்லிடுங்க. நாங்க ஏற்பாடு பண்ணிடறோம்."

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"எங்ககிட்ட என்னங்க இல்ல?"

"இல்லைங்க, எதாவது இல்லாம இருந்தா…"

"பொண்ணு பார்க்க வந்தப்பவே இதைக் கேட்டிருக்கலாமே சார். பத்திரிகை அடிச்சு, ஊரையே கூட்டி வெச்சுட்டு, வாசல்ல நிறுத்திக் கேக்கறீங்க? எங்க வூட்டு வாசல்ல எத்தனை வண்டி நிக்குதுன்னு எறையூருக்கு வந்து பாருங்க!"

பின்னால் யாரோ, "மிலிட்டரிக்காரரு என்கொயரி வெச்சுட்டாருடா" என்றார்கள். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் வந்தவர்களில் சிலர் எழுந்து அவர் பக்கம் வந்து நின்றார்கள். என் மைத்துனன் என்னைப் பார்த்த பார்வையில், "மாமா, நீங்க பெரம்பலூர்லயே இருந்திருக்கலாம்" என்று எழுதியிருந்தது.

அந்த நேரத்தில்தான் என் மனைவி சமையல்கட்டிலிருந்து வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. நேராக அவரிடம் போனாள்.

"அண்ணே, உங்களைத்தான் தேடிட்டு இருக்கேன். ஒரு உபகாரம் பண்ணணும். எங்க சொந்தக்காரங்க மெட்ராஸ்லேர்ந்து ரயில்ல வந்து அரியலூர் ஸ்டேஷன்ல நிக்கிறாங்க. நாங்க அனுப்புன வேன்ல கொஞ்சம் பேருக்கு எடம் பத்தல. உங்ககிட்ட ஒரு வண்டி சும்மா நின்னா குடுங்களேன்."

அவர் முகம் உடனே மலர்ந்தது. "அதுக்கென்ன தங்கச்சி, தாராளமா…" என்று ஆரம்பித்தவர் நின்றார். வாசலைப் பார்த்தார். துண்டை மறுபடி தோளில் போட்டார்.

"வண்டிதான் தங்கச்சி… இப்ப பாருங்க… உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? ரெண்டாவது வேனு அரியலூர் தாண்டி ரோட்டுல படுத்துக்கிச்சு. அக்கா தட்டை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. மாத்து வண்டிக்குத்தான் யார் யாருக்கோ போன் போட்டுட்டு இருக்கேன்."

"அட, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? எங்க வேன் அந்த வழியாத்தானே வருது, எங்க பசங்க கொஞ்ச பேரு ஸ்டேஷன்லயே காத்திருக்கட்டும், உங்க பெரியவங்களை அதுல ஏத்திக்கச் சொல்றேன்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நீங்க சும்மாதானே நிக்கிறீங்க? காரை எடுத்துட்டுப் போயி மிச்சப் பேரைக் கூட்டிட்டு வாங்க. அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க, எடம் அவருக்குத்தான் தெரியும்."

இப்படித்தான், சற்று முன் எனக்கு எதிரே ஆள் சேர்த்துக்கொண்டு நின்ற மனிதரோடு நான் ஒரே காரில் போனேன். முந்திரிக்காடு முடிகிறவரை அவர் மாற்று வண்டிக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தார். உடையார்பாளையம் தாண்டியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஊருக்கே வண்டி உடுறவன் சார் நானு. என் வண்டி படுத்துக்கிச்சுன்னு அத்தனை பேரு முன்னாடி எப்படி என் வாயால சொல்றது?"

நான் அந்த டீசல் கேன் கதையைச் சொன்னேன். இரண்டு ஜீப்பும் நடுவழியில் நின்ற இடம் வந்ததும் அவர் டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அப்ப நீங்களும் நம்ம ஆளுதான். இவ்வளவு பட்டுமா என்கிட்ட வந்து அப்படிக் கேட்டீங்க?"

"வேற எப்படிக் கேக்கறது?"

"தங்கச்சி கேட்டுச்சே, அப்படித்தான். உன்கிட்ட என்ன இல்லன்னு கேட்டா எவனும் சொல்ல மாட்டான். எனக்கு ஒண்ணு குடுன்னு கேட்டா, இருந்தா குடுப்பான், இல்லன்னா அவனே சொல்லிடுவான்."

"இல்லாதவன் வீம்புக்குத் தரேன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டுமே. மறுநாள் வண்டியை எடுத்துட்டு வாங்கிக்க வாசல்ல வந்து நிப்பாங்கல்ல? ஒரு தடவை அப்படி நின்னா அடுத்த தடவை சொல்லுவானா?"

நான் காரை ஓரம் கட்டிக் கைபேசியில் குறித்துக்கொண்டேன். "வண்டி ஓட்டுறப்ப எழுதாத வரைக்கும் சந்தோஷம்" என்றார். அவருடைய அக்கா மற்றப் பெரியவர்களை எங்கள் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, ரோட்டோரம் ஒரு பெட்டியின்மேல், மடியில் தட்டோடு, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "எல்லாம் நல்லபடியா ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார். "ஆச்சுக்கா" என்று தம்பி கூசாமல் ஒரு பச்சை வட்டம் போட்டார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும், நீ வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டாயா என்று மனைவியிடம் விசாரித்தேன். "எனக்கு நெஜமாவே வேன் வேணுங்க. எல்லாத்தையும் ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தா இலை யாரு போடுறது?" என்றாள்.

பெரம்பலூர் திரும்பியதும் மேஜரை வீடியோவில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து முடித்ததும் கேட்டார்: "அன்றைக்கு நம்மிடம், பக்கத்து முகாமுக்கு எவ்வளவு டீசல் தர முடியும் என்று கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்போம்?"

"ஒன்றும் இல்லை என்று."

"வெட்கப்பட்டிருப்போமா?"

யோசித்துப் பார்த்தேன். தர முடியாது என்பதில் வெட்கம் ஏது? கேட்பதில்தானே வெட்கம். எந்தத் தளபதியும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதைத் தடுத்திருக்க மாட்டார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காலிக் கட்டங்களைப் பார்க்கும் தலைமையகம் சுற்றுவழியிலாவது டேங்கரை முன்பே அனுப்பியிருக்கும்.

பழைய கருத்தைத் திரும்பப் பெற்றுப் புதியதை அனுப்பினோம். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரில் கேட்க வேண்டிய கேள்வி: "இன்றைக்குப் பக்கத்து முகாமுக்கு இதில் எவ்வளவு தர முடியும்?" தருவதாகச் சொன்னதை வாங்க வண்டி வரும் என்பது அடிக்குறிப்பு. அது எறையூரின் பங்களிப்பு.

பதில் இல்லை. ஆடியில் புது வரைவு வந்தது, அதே பச்சை வட்டங்களோடு. விதியைச் சுட்டிக்காட்டி எழுதினோம். தங்கள் மடல் கிடைத்தது என்று குழுத் தலைவரின் அலுவலகம் எழுதியது. ஆவணி போயிற்று. "உங்க ஆபீஸ்காரங்க கிணத்துலயா போஸ்ட் பாக்ஸ் வெச்சிருக்காங்க?" என்று மனைவி கேட்க ஆரம்பித்தாள். எறையூர்க்காரரும் ஞாயிறுதோறும் போன் செய்து, "என்ன சார், நம்ம ரூல் பாஸாயிடுச்சா?" என்றார்.

புரட்டாசியில் ஒரு நாள் மேஜர் வீடியோவில் பேசினார். தலைவர் இணைப்பாக ஒரு விளக்கக் குறிப்பு கேட்டிருக்கிறாராம். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். நன்றாக இருக்கிறேன், திருத்தம் போகாவிட்டாலும் பரவாயில்லை என்றார். அவருக்குப் பின்னால் பாதி கட்டிய அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. இவ்வளவு வருடம் பழகிய எனக்கு, அது பச்சை வட்டம் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கேள்வியை மாற்றினேன்.

"மேஜர், என் குறிப்புகளைத் திருத்தித் தர இந்த வாரம் எனக்கு ஒரு மணி நேரம் தர முடியுமா?"

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. "முடியாது. ஒரு மணி நேரம்கூட இல்லை. என் உதவியாளரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பகலில் பொறுப்பை ஒப்படைக்கிறேன், வீட்டுக்கு வந்து அந்தக் குறிப்பை எழுதுகிறேன். முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. இது நடக்காது போலிருக்கிறது."

"அனுப்புங்கள்" என்றேன்.

குறிப்பை நான் எழுதினேன். கணக்கு டீச்சர் சிவப்பு மையில் திருத்தினாள். உதாரணம் வேண்டுமென்று தலைவர் கேட்டிருந்ததால், கல்யாணத்தைப் பெயர் சொல்லாமல் "இரு தரப்புக் கூட்டு நடவடிக்கை" என்று எழுதினேன். மாப்பிள்ளையின் அம்மா "முக்கியச் சரக்கோடு வழியில் நின்ற மூத்த அதிகாரி" ஆனார். மேஜர் அதைப் படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் மாற்றாமல் அனுப்பினார்.

தலைதீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜெயங்கொண்டம் வந்திருந்தார்கள். நாங்களும் போயிருந்தோம். தாய்மாமன் டிராக்டரில் கரும்புக் கட்டோடு வந்து இறங்கினார். தீபாவளிக்கு எதற்கு இவ்வளவு கரும்பு என்று யாரும் கேட்கவில்லை. அவர் என்னைச் "சார்" என்பதை விட்டுவிட்டு "மச்சான்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். முறைப்படி அதுதான் சரி.

முறுக்குச் சுடும் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கைபேசி ஒலித்தது. மேஜர் அனுப்பியிருந்தார். தலைவரின் பதில், இரண்டே வரி. கேள்வி ஏற்கப்பட்டது, வண்ண வட்டத்துக்கு முன்னால் சேர்க்கப்படும். வட்டமும் தொடரும். எந்தக் குழுவும் இருப்பதை எடுக்காது, முன்னால் ஒன்றைச் சேர்க்கும். எனக்கு அது போதும். மேஜர் ஓய்வு பெற இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது.

கீழே சோதனைத் திரையின் படம் ஒன்றும் இருந்தது. பட்டியலில் முதல் நாடாக அவருடைய நாடு. டீசலுக்கு எதிரில் எவ்வளவு தர முடியும் என்ற கட்டம் காலி. பக்கத்தில் வட்டம் மட்டும் பச்சையாக இருந்தது. அதற்குக் கீழே மேஜர் எழுதியிருந்தார்: "கேனோடு கிளம்புங்கள். நடுவழியில் சந்திப்போம்."

"என்ன மச்சான், பாஸா?" என்றார் தாய்மாமன்.

நான் கைபேசியை அவரிடம் நீட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததால் அவர் மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மாப்பிள்ளை முதலில் தேதியைத்தான் படித்தார். மனைவி சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: ஐப்பசி இரண்டு, ஞாயிற்றுக்கிழமை.